கட்டைப்பையைத் திறக்கக் கூடாது

செப்டம்பர் 18, வியாழன்

போன் செத்துவிட்டது. 904-ஆம் வீட்டு ஃபிளஷ் டேங்கில் விழுந்து செத்தது. போனை டேங்க் விளிம்பில் வைத்தது என் தப்பில்லை. அவ்வளவு பெரிய குளியலறையில் ஒரு சாமான் வைக்க ஒரு சாண் மேடை கட்டாதது பில்டரின் தப்பு.

இதுவரை கோபத்தையெல்லாம் போனில்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இனி இந்த டைரியில். இது போன வருடத்து டைரி. 1102 வைதேகி மேடம் "யூஸ் ஆகும், வெச்சுக்கோப்பா" என்று கொடுத்தது. இங்கே வேலை செய்கிறவர்களுக்குப் போன வருடம்தான் கிடைக்கும். கிழமையை அடித்துத் திருத்திவிட்டு எழுதுகிறேன்.

நான் பரிதி. ஐ.டி.ஐ. படித்த பிளம்பர். சோழிங்கநல்லூர் பக்கம் பன்னிரண்டு மாடி அடுக்ககம் ஒன்றில் பராமரிப்பு வேலை. பெயருக்குத்தான் பிளம்பர். தாழ்ப்பாள், திரைச்சீலைக் கம்பி, ஆடும் கட்டில் எல்லாமே என் தலையில்தான்.

இன்று 904-இல் குளியலறை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஒரு வால்வு ஒழுகியது. ஏணியில் ஏறி, தலையை உள்ளே விட்டு, வால்வை இறுக்கிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் கீழே வந்து நின்றார்.

"எந்த லிஃப்ட்ல வந்தீங்க?"

"ஏறி வர்ற லிஃப்ட்லதான் சார்."

"சர்வீஸ் லிஃப்ட்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

இருக்கிறது. குப்பை, நாய், நான் மூன்றும் போவதற்கு. அதை அப்படியே அவரிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டே பலகையை மூடிவிட்டு இறங்கி வந்தேன்.

டார்ச் லைட்டைக் காணவில்லை. டூல் ரூமிலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 19, வெள்ளி

904-லிருந்து புகார். குளியலறைக் கூரையிலிருந்து வெளிச்சம் கசிகிறதாம். எலக்ட்ரீஷியன் போய்ப் பார்த்துவிட்டு, அங்கே ஒயரே இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். வசதி இருந்தால் பேயைக்கூடச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பைப் ரெஞ்சையும் காணவில்லை. புதன்கிழமை மொட்டைமாடித் தொட்டியில் வேலை செய்தபோது கையில் இருந்தது. அங்கேதான் அந்தப் போர்டைப் பார்த்தேன். 'வேலைக்காரர்கள் இங்கே உட்காரக் கூடாது.' நீலத் தகடு, வெள்ளை எழுத்து, நான்கு மூலையிலும் ஆணி. பார்த்ததும் நேரே கீழே இறங்கி வந்து குணாக்காவிடம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

குணாக்கா என்றால் குணவதி. பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார். இங்கே கூட்டிப் பெருக்கும் வேலை. அடித்தளத்திலுள்ள டூல் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், இன்னொன்று பெருக்குவதற்காக அவரிடம்.

"நான் அங்க ஒக்காந்துதான் சாப்புடுறேன். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சிக்கட்டும்" என்றார் அக்கா.

நியாயம் கேட்டு எழுதிப் போட வேண்டும் என்று இன்று மறுபடியும் சொன்னேன்.

"எழுது தலைவரே. மொதல்ல ரெஞ்சைத் தேடு."

செப்டம்பர் 20, சனி

904-இல் வெளிச்சம் தானாகவே நின்றுவிட்டதாம். பணக்காரர்களின் நோய்கள் இப்படித்தான். கவனித்தால் வரும், கவனிக்காவிட்டால் போகும்.

அசோசியேஷன் செயலாளர் சேதுமாதவன் எங்களையெல்லாம் கூப்பிட்டு நிற்க வைத்தார். பன்னிரண்டாவது மாடியில், 1201-இல் இருக்கிறார். கருவிகள் தொலைகின்றனவாம். அதனால் திங்கட்கிழமை முதல் வேலையாட்கள் வெளியே போகும்போது கேட்டில் பையைத் திறந்து காட்ட வேண்டும். ஆயுத பூஜையன்று எல்லாக் கருவிகளும் பலகையில் தன் கண்ணெதிரே இருக்க வேண்டும்.

ஒரு டார்ச், ஒரு ரெஞ்ச். அதற்கு எங்கள் எல்லோர் சோற்று டப்பாவையும் திறக்க வேண்டுமாம். இதை விடப்போவதில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

விடுமுறை நாளில் கூப்பிட்டார்கள். 1102 வைதேகி மேடம் வீட்டில் கொலுப்படி ஒரு பக்கமாகச் சாய்கிறதாம். ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு போனேன். அது ஒரு முழ நீளக் கட்டை. நடுவில் கண்ணாடிக் குழாயில் பச்சைத் தண்ணீரும் ஒரு குமிழியும் இருக்கும். குமிழி நடுவில் நின்றால் படி மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம்.

மேல் படியில் வைத்துப் பார்த்துக் கீழே அட்டை கொடுத்துச் சரிசெய்தேன். குமிழி நடுவில் வந்து நின்றது. அப்போது மேடம், படி சாய்ந்ததற்குக் காரணம் வீட்டின் ஈசானிய மூலையில் இருக்கும் குறை என்றார். தச்சன் செய்த குறை என்று நான் சொன்னேன். வாஸ்து என்ற பெயரில் எத்தனை வீட்டில் எத்தனை நல்ல சுவரை இடித்திருக்கிறேன் என்பதையும் சொன்னேன். மேடம் காபி கொடுத்தார். பேசிக்கொண்டே குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

டிரில்லிங் மெஷின் பெட்டியின் பூட்டு உடைந்துவிட்டது. தூக்கினால் மெஷின் காலில் விழுகிறது. வைதேகி மேடம் குணாக்காவுக்குப் பழைய புடவைகளை இரண்டு கட்டைப்பையில் கொடுத்திருந்தார். பெரிய ஜவுளிக்கடைப் பை, மேலே மணமக்கள் படம். அக்கா புடவைகளையெல்லாம் ஒரு பையில் அமுக்கிவிட்டு மற்றொன்றை என்னிடம் கொடுத்தார்.

"ந்தா, ஒன் மெஷினுக்கு மாப்ள பொண்ணு."

மெஷினை அதில் வைத்து, தூசி படாமல் மேலே ஒரு துண்டைச் சொருகிக்கொண்டேன். காலையில் 703-இல் திரைச்சீலைக் கம்பி. மதியம் டூல் ரூமில் வைத்துவிட்டேன்.

மாலையில் முதல் சோதனை. கேட் காவலாளி மாசிலாமணி அண்ணன் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பின்னால் அலமாரி நிறைய வீட்டுக்காரர்களின் பார்சல்கள். அதையெல்லாம் யாரும் திறப்பதில்லை. எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மிச்சமிருந்த சாம்பார் சோற்றைக் கரண்டியால் கிளறிப் பார்த்தார்.

"ரெஞ்ச் கெடைச்சுதாண்ணே, இல்ல வெந்துபோச்சா?" என்று கேட்டேன்.

"எனக்கு மட்டும் ஆசையா தம்பி? செக்ரட்டரி கேமராவுல பாத்துட்டு இருக்காரு."

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கேமராவைப் பார்த்தே பேசினேன். இரண்டு கையாலும் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினேன். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒரு அம்மா கைதட்டினார். கைகளை வீசிக்கொண்டு ஒரு ராஜாவைப் போல வெளியே நடந்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

டிரில்லிங் மெஷினைக் காணவில்லை.

செயலாளர் கேட்டார். நான் தெளிவாகச் சொன்னேன். நேற்று மதியம் டூல் ரூமில் வைத்தேன். சந்தேகமே இல்லை. கண்ணை மூடினால்கூட வைத்தது தெரிகிறது.

"நிச்சயமா?"

"நிச்சயமா சார். நான் ஞாபகசக்தி உள்ளவன்."

அவர் போய்க் கேமராவைப் பார்த்தார். நேற்றுப் பிற்பகல் குணாக்கா ஒரு கனமான கட்டைப்பையோடு டூல் ரூமிலிருந்து வருவது தெரிகிறதாம். மகள் பள்ளியில் கூட்டம் என்று அக்கா அனுமதி வாங்கிக்கொண்டு சீக்கிரமே போயிருக்கிறார். சோதனை மேசை போடுவதற்கு முன்பே.

அது புடவைப் பை என்றார் அக்கா. வேலைக்கு வரும் பெண்கள் பை வைக்க இங்கே ஓர் ஆணிகூடக் கிடையாது. அதனால் அக்கா டூல் ரூமில்தான் வைப்பார். தான் பூட்டிக்கொண்டு போகும்வரை மெஷின் அங்கே வரவேயில்லை என்றும் சொன்னார்.

"ஐ.டி.ஐ. படிச்ச பையன், வெச்சேன்னு அடிச்சுச் சொல்றானே" என்றார் செயலாளர்.

டூல் ரூம் சாவியை அக்காவிடமிருந்து வாங்கிக்கொண்டார். ஆயுத பூஜையன்று மெஷின் பலகையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மறுநாளிலிருந்து அக்கா வர வேண்டாம். போலீசுக்குப் போகவில்லை, பெருந்தன்மையாம். இந்தச் சாலையில் உள்ள எல்லா அடுக்ககச் செயலாளர்களும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். இங்கே திருட்டுப் பெயரோடு வெளியே போனால் வேறெந்த கேட்டும் திறக்காது.

ஏழை என்றால் உடனே திருடியா என்று செயலாளரிடம் சத்தம் போட்டேன். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாவம், பயந்துபோயிருக்கிறார்.

செப்டம்பர் 24, புதன்

இன்று எதுவும் தொலையவில்லை. தொலைய அதிகமாக எதுவும் மிச்சமில்லை.

அக்கா இன்னும் பேசவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

ரசமட்டத்தையும் காணவில்லை என்று காலையில்தான் கவனித்தேன். மதியம் 1102-இல் குழாய் சொட்டுகிறது என்று போனேன். கூடத்தில் கொலு. மேல் படியில் கலசம். கலசத்துக்கு வலப்பக்கம் பிள்ளையார். இடப்பக்கம், மஞ்சள் குங்குமத்தோடு, தலையில் ஒரு சாமந்திப் பூவோடு, என் ரசமட்டம்.

"மேடம், அது என்னோடது."

"தெரியும்ப்பா. நீதானே வெச்சுட்டுப் போன. வர்றவா எல்லாரும் இது என்ன என்னன்னு கேக்கறா. வாஸ்து குமிழின்னு சொல்லிட்டிருக்கேன். நடுவுல அசையாம நிக்கறது பாரு. வீடு நேரா இருக்குன்னு அர்த்தமாம்."

"யார் சொன்னது?"

"நீதான் அன்னிக்குச் சொன்ன. குமிழி நடுவுல நின்னா எல்லாம் சரின்னு."

படி சரி என்றுதான் சொன்னேன். ஆயுத பூஜைக்கு அது வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன். கொலுவில் வைத்ததை நடுவில் எடுக்கக் கூடாதாம். விஜயதசமி முடிந்துதான் தருவாராம். சுண்டல் கொடுத்தார். பகுத்தறிவைப் பற்றி நான்கு வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வாய் நிறையச் சுண்டல்.

படி இறங்கி வரும்போது ஒரு சந்தேகம் வந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

செப்டம்பர் 27, சனி

டார்ச் கிடைத்தது. 904. எங்கே இருந்தது என்பதெல்லாம் முக்கியமில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

காலையில் மொட்டைமாடிக்குப் போனேன். ரெஞ்ச் தொட்டிக் குழாயைக் கவ்விய நிலையிலேயே இருந்தது. யாரோ அதன் கைப்பிடியில் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருக்கிறார்கள். போர்வையை எடுத்து வைத்துவிட்டு ரெஞ்சைக் கழற்றினேன்.

போர்டின் அடியில் குணாக்கா உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரெஞ்சையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஒரு வாரமாகப் பேசாதவர் பேசினார்.

"கெடைச்சுதா? எந்தத் திருடன் கொண்டாந்து மாட்டுனான்?"

ரசமட்டம் கொலுவில் இருப்பதை மட்டும் சொன்னேன். டார்ச்சைப் பற்றி நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. 904-இல் வீடு துடைப்பவர் சொல்லியிருக்கிறார்.

"ஒனக்குக் கோவம் வந்தா வாய் மட்டும்தான் வேல செய்யும். கையில இருக்கறது அங்கியே நின்னுடும். சண்டைன்னா சில பேரு செருப்ப விட்டுட்டு வருவான். நீ சாமானயே விட்டுட்டு வர்ற."

"மெஷினை டூல் ரூம்லதான் வெச்சேங்க்கா. கண்ணுல நிக்குது."

"ஒன் கண்ணுல நிக்கறதுக்கு என் வேல போவுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அக்கா பயத்தில் பேசாமல் இருந்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "திங்கக்கெழம கேட்ல பெரிய சொற்பொழிவாமே. ரெண்டு கையாலும் டேபிளத் தட்டினியாம். பொண்ணுங்க நடிச்சிக் காட்டுச்சுங்க."

"ஆமா."

"ரெண்டு கையும் காலியாவா இருந்துச்சு?"

படியில் இறங்கி ஓடினேன். சர்வீஸ் லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை.

மாசிலாமணி அண்ணனுக்குப் பின்னால், பார்சல் அலமாரியின் மேல்தட்டில், மணமக்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பையின் காதில் ஒரு சீட்டு. '1201. அப்புறம் வந்து எடுத்துக்கொள்வார்கள்.'

"அண்ணே, அந்தப் பை."

"அதத் தொடாத தம்பி. செக்ரட்டரி வீட்டுது. அன்னிக்கு நீ சண்ட போட்டுட்டுப் போன பிறகு கீழ கெடந்துச்சு. பட்டுப்பொடவைக்கட பையாச்சே, வீட்டுக்காரங்க எறக்கி வெச்சுட்டுப் போனதுன்னு போட்டோ எடுத்துக் குரூப்ல போட்டேன். 605 எங்களுதுன்னாங்க, அப்புறம் இல்லன்னுட்டாங்க. செக்ரட்டரி வீட்டம்மா எங்களுதுதான்னாங்க. நவராத்திரிக்கு வெச்சுக் குடுக்க வாங்குன ரவிக்கத் துணியாம்."

"தூக்கிப் பாத்தீங்களா?"

"பாத்தேன். கனமா இருந்துச்சு. வெள்ளிப் பாத்திரமும் இருக்கும்போலன்னு மேல ஏத்தி வெச்சேன்."

"திறந்து பாருங்க."

"வீட்டுக்காரங்க பையத் தெறக்கக் கூடாது. தெறந்தா என் வேல போயிடும்."

ஒரு வாரமாக அந்த மேசையில் கருவேப்பிலைக் கட்டைக்கூடப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். மெஷின் அவர் தலைக்கு மேலேயே, மரியாதையாக, தூசி தட்டப்பட்டு உட்கார்ந்திருக்கிறது.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை என்ன பேசுவது என்று குணாக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். தொடக்கம் இது: 'திருட்டுப் பொருள் யார் பெயரில் இருக்கிறது என்று எல்லோரும் பாருங்கள்.' அதன்பின் ஐந்து நிமிடப் பேச்சு.

"அந்தம்மா திருடுனாங்கன்றியா?"

"தன்னுது இல்லாத பையை என்னுதுன்னு சொன்னா அதுக்கு என்ன பேருக்கா?"

"பத்து நாள் கொலு. வீட்டுல பத்துப் பை அதே மாதிரி கெடக்கும். மறந்திருப்பாங்க. ஒன்ன மாதிரி."

"அப்ப சத்தமில்லாம எடுத்து டூல் ரூம்ல வெச்சுடட்டுமா?"

"வையி. குணவதி பயந்துகிட்டுக் கொண்டாந்து வெச்சுட்டான்னு சொல்லுவாங்க. அதுக்கு மெஷின் தொலஞ்சதாவே இருக்கட்டும்."

யார் வைத்தது என்று சொல்ல வேண்டும். எல்லோர் முன்னாலும். சொன்னால் பைச் சோதனையைப் பற்றி நான் பேசியதெல்லாம் சிரிப்பாகப் போய்விடும். வேலையும் போகலாம். ஞாபகசக்தி உள்ளவன் என்று வேறு சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

டூல் ரூம் வாசலில் பலகை. ரெஞ்ச், டார்ச், சுத்தியல், குறடு, ரம்பம் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. பொரி, கடலை, வெட்டிய பூசணிக்காய். வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். குணாக்கா கடைசியில் சுவரோரமாக.

செயலாளர் பலகையைப் பார்த்தார். "ரசமட்டம்?"

"எங்காத்துக் கொலுவுல இருக்கு" என்றார் வைதேகி மேடம். "நாளன்னிக்குத் தரேன்னு சொல்லியிருக்கேன்."

"டிரில்லிங் மெஷின்?"

எல்லோரும் சுவரோரமாகப் பார்த்தார்கள்.

"சார், உங்க வீட்டுப் பை ஒண்ணு கேட்ல ரொம்ப நாளாக் கெடக்கு. அதக் கொண்டுவரச் சொல்லுங்க" என்றேன்.

"இப்ப எதுக்கு?"

"சொல்லுங்க சார்."

மாசிலாமணி அண்ணன் வெள்ளிப் பாத்திரத்தைப் போல இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். செயலாளர்தான் துண்டை எடுத்தார். உள்ளே மெஷின். அலகில் 703-இன் சுவர்த்தூள் அப்படியே இருந்தது.

"இது... எங்க வீட்டுப் பையில எப்படி..." என்று மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இப்போது எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஒரு வாரமாகச் சுவரோரத்தில் இருந்த முகம்.

உடனே சொல்லியிருக்கலாம். சூடம் ஒரு சுற்றுச் சுற்றும் நேரம் மட்டும் சும்மா நின்றேன். அந்த நேரத்தை எனக்காக வைத்துக்கொண்டேன்.

"நான்தான் சார் வெச்சேன். சோதனைக்கு எதிரா சண்ட போட மேசையைத் தட்டணும்னு பைய கீழ வெச்சேன். மறந்துட்டேன். ரெஞ்ச், டார்ச், எல்லாமே நான்தான் மறந்தது. குணாக்கா எதையும் எடுக்கல. டூல் ரூம்ல வெச்சேன்னு நான் சொன்னது தப்பு."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். சாம்பார் சோற்றுக்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"சரி சரி, நல்ல நாள். எல்லாரும் பொரி எடுத்துக்கோங்க" என்றார் செயலாளர். குணாக்காவிடமும் தட்டை நீட்டினார். அக்கா தட்டைத் தொடவில்லை. வெறும் கையை நீட்டினார்.

"டூல் ரூம் சாவி சார்."

சாவி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தார். அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டார். அப்புறம்தான் பொரி எடுத்தார். நிறையவே எடுத்தார்.

அக்டோபர் 4, சனி

வேலை போகவில்லை. பைச் சோதனை தற்காலிகமாக நிறுத்தம். பையைப் பார்ப்பதென்றால் பார்சல் அலமாரியையும் பார்க்க வேண்டும் என்று குணாக்கா செயலாளரிடமே சொன்னாராம்.

என் பைக்கு மட்டும் சோதனை உண்டு. நான் எதைக் கொண்டுபோகிறேன் என்று பார்ப்பதில்லை. டூல் ரூமுக்கு எது திரும்பி வரவில்லை என்று பார்க்கிறார்கள். பார்ப்பவர் குணாக்கா. மாலையில் வாசலில் நின்றுகொண்டு, "இன்னிக்கு எங்கெல்லாம் கோவப்பட்ட?" என்று கேட்கிறார். இது அவமானம் என்றேன். "இது ஒரு எடம். இங்க என்ன வெச்ச?" என்றார்.

வைதேகி மேடம் ரசமட்டத்தை அனுப்பிவிட்டார். வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு ரவிக்கைத் துணி எல்லாம் வைத்து.

அக்டோபர் 6, திங்கள்

மாலையில் சுத்தியல் வரவில்லை.

"எங்க கோவம்?" என்றார் அக்கா.

"மொட்டைமாடி" என்றேன். அவரும் என்னோடு மேலே வந்தார். சுத்தியல் தொட்டியோரமாக இருந்தது. பக்கத்தில் நான்கு வளைந்த ஆணிகள். சுவரில் நான்கு ஓட்டைகள், நடுவே வெயில் படாத ஒரு சதுரம்.

"இங்க ஒரு போர்டு இருந்துச்சே" என்றார் அக்கா.

இருந்தது. எங்கே வைத்தேன் என்று மறந்துவிட்டது. நாளை செயலாளர் கேட்டாலும் இதையேதான் சொல்ல வேண்டும். என் ஞாபகசக்தியைப் பற்றி இப்போது எல்லோருக்கும் தெரியும்.